ஒரு படி தவிட்டுக்கு

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்த்த பிரசவ விடுதிக்குப் பின்னால் ஒரு தெரு இருந்தது. துறைமுகத்துக்கு மூட்டை இழுக்கும் மாட்டு வண்டிகள் அங்கேதான் வந்து நிற்கும். மாடுகளுக்குத் தவிடும் புண்ணாக்கும் விற்கும் மண்டிகள் இரண்டு பக்கமும் இருந்தன. மத்தியானம் கடல் காற்று திரும்பியதும் தவிடு கிளம்பிப் பறக்கும். வெயில் அதன் மேல் பட்டு, தெரு முழுவதும் மஞ்சளாக மிதக்கும். எதிரே வருகிற ஆள் முதலில் நிழலாகத் தெரிவான், பிறகுதான் முகம் வரும். இப்போது நினைத்தால், அந்தத் தெருவில் நான் நிஜமாகவே நடந்தேனா, கனவில் கண்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தொண்டைக் கமறல் மட்டும் நிஜம். அது இன்னும் போகவில்லை.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தேழு வயது. வெள்ளைப் புடவை, கையில் தோல் பை, மருத்துவச்சி வேலை. எல்லோரும் நர்சம்மா என்பார்கள். கைராசிக்காரி என்று பேர் எடுத்திருந்தேன். அதைவிடப் பெரிய பேர் என் வாய்க்கு இருந்தது. மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்துவிட்டால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்க மாட்டேன். பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகள் காபியை முடிக்காமல் எழுந்து போனதற்கு அதுதான் காரணம் என்று என் அம்மா சாகும்வரை சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அந்தக் கோடையில் கால்வாயில் ஒரு குழந்தை மிதந்து வந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து உப்பு ஏற்றி வரும் படகுக்காரர்கள்தான் அதைப் பார்த்துக் கரை ஒதுக்கினார்கள். ஒரு வீட்டில் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நான் கூட்டத்தைப் பார்த்து இறங்கிப் போனேன். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பெண் குழந்தை. தொப்புள் கொடியை யாரும் கட்டியிருக்கவில்லை. எதையோ யோசிப்பதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு படகுக்காரர் தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன் மேல் போர்த்தினார். பிறகு அதை மூலக்கொத்தளத்துக்குப் புதைக்க எடுத்துப் போனார்கள்.

நான் விடுதிக்குத் திரும்பியபோது வராந்தாவில் பத்துப் பதினைந்து பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று கத்தினேன். "பெத்த புள்ளைய தண்ணில போட்றவளைப் புடிச்சி அதே கால்வாயில அமுக்கணும்!" எல்லோரும் உச்சுக் கொட்டித் தலையாட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்றைக்குக் கடைசியாக என் மேஜைக்கு வந்தவள் பின் தெருவில் ஒரு தவிட்டு மண்டியில் கூலி வேலை செய்கிறவள். சிந்தியதைக் கூட்டுவது, சலிப்பது, கிழிந்த சாக்கைத் தைப்பது அவள் வேலை. முப்பது வயது இருக்கும். புடவையைத் தளர்த்தி இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தாள். நான் கத்தியதை அவளும் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தலைமுடியிலும் இமையிலும் தவிட்டுத்தூள் படிந்திருந்ததால் முகமே மங்கலாகத் தெரிந்தது.

"வயித்துல கட்டி கீது நர்சம்மா. கரையறதுக்கு மருந்து குடு" என்றாள்.

கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு உதை விழுந்தது. ஏழு மாதக் குழந்தை, நல்ல சுறுசுறுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கட்டி எங்கயாவது உதைக்குமா? ஏழு மாசம் ஆவுது. இத்தினி நாளு எங்க போயிருந்த?" என்று வராந்தாவுக்கே கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தேன். பேர், வயது, தெரு. அடுத்த கட்டம் புருஷன் பேர். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிற கேள்வி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டேன்.

"புருஷன் பேரு இன்னா?"

"அவரு செத்து மூணு வருசம் ஆவுது" என்றாள்.

மருந்துக்காக வராந்தாவில் காத்திருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. பேனாவிலிருந்து மை சொட்டி அந்தக் கட்டத்தில் விழுந்து பரவியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தியபோது அவள் இல்லை. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தேன். தெருவில் அந்த மஞ்சள் புழுதி மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் கால்வாய்க்கரைக் கோபம் எனக்கு அப்போது தணிந்திருந்தது. இது வெறும் பழக்கத்தில் கேட்டது. அதுதான் இன்னும் மோசம். புருஷன் இல்லாதவளின் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதைச் சொல்ல வந்தவளைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டு விரட்டிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் கண்ணை மூடினால் கால்வாய் வந்தது. உப்புப் படகுகள் ஓசையில்லாமல் வரிசையாகப் போகும். கரையில் நான் பதிவேட்டோடு நிற்பேன். படகுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "புருஷன் பேரு இன்னா?" என்று கேட்பார். நான் பதிவேட்டைப் புரட்டித் தேடுவேன். படகு போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் மண்டிக்குப் போனேன். அதை நடத்தியது ஒரு முஸ்லிம் அம்மாள். வீட்டுக்காரர் காலமான பிறகு அவரே தராசையும் படியையும் கையில் எடுத்துக்கொண்டவர். தெருவில் எல்லோரும் பீபிம்மா என்பார்கள். சாக்கில் தைத்த ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வண்டிக்காரர்களை வாயாலேயே ஓட்டுவார். என் வாய் ஒரு முழம் என்றால் அவருடையது இரண்டு முழம். தவிட்டுத்தூள் பிரசவ அறைக்குள் வருகிறது என்று ஒருமுறை நான் சுகாதார அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும்தான்.

நான் நேராக அந்தப் பெண்ணிடம் போய், "எம்மா, நான் அன்னைக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல. கட்டி" என்றாள் அவள், சல்லடையைப் பார்த்துக்கொண்டு.

"கட்டின்றாளே, காதுல வியல? போய் உன் வேலையப் பாரு நர்சம்மா" என்றார் பீபிம்மா, திரைக்குப் பின்னாலிருந்து.

பக்கத்து மண்டிகளில் கேட்டேன். எல்லோரும் கட்டி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தத் தெரு தன் வாயைத் தானே மூடி வைத்திருந்தது. அவளைக் காப்பாற்ற மூடியிருக்கிறதா, நடக்கப்போவதைப் பார்க்காமல் இருப்பதற்காக மூடியிருக்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. எல்லோர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். ஒரு சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்றும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் போனேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போய்க்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை.

அந்த மத்தியானங்கள் எல்லாம் எனக்கு ஒரே மத்தியானமாகத்தான் நினைவில் இருக்கின்றன. உடைந்த ஓடுகள் வழியாக வெயில் கோடு கோடாக இறங்கும். ஒவ்வொரு கோட்டிலும் தவிட்டுத்தூள் மேலும் கீழும் போய்வரும். சல்லடை சர் சர் என்று போகும். துறைமுகத்தில் எங்கேயோ ஒரு கப்பல் ஊதும், வாசலில் ஒரு மாடு கழுத்தை ஆட்டும், மணி கேட்கும். பாதித் தூக்கத்தில் நான் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன். ஒரு வாரம் போனதும் அவள் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு என் பக்கம் நகர்த்தி வைத்தாள். இன்னொரு வாரம் கழித்துத் தானாகவே பேசினாள். புருஷன் இருந்தபோது இரண்டு பிறந்ததாம். ஒன்று மூன்று நாள், ஒன்று ஒன்பது நாள், இரண்டும் தங்கவில்லை. இப்போது வயிற்றில் இருப்பதற்குத் தகப்பன் யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அது இன்றுவரை தெரியாது.

ஒருநாள் சல்லடையை நிறுத்தாமலே கேட்டாள்.

"பொறந்ததும் கத்துமா நர்சம்மா?"

"கத்தும்."

"எல்லாமே கத்துமா? கத்தாம ஒண்ணு ரெண்டு பொறக்காதா?"

எனக்கு விளங்கிவிட்டது. சத்தம் வந்தால் தெரு கேட்டுவிடும், சத்தம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கால்வாய்க் குழந்தையின் சுருங்கிய நெற்றி கண்முன் வந்தது. கத்தல் என் தொண்டை வரை ஏறியது. ஒரு வாய் சோற்றோடு அதை விழுங்கினேன்.

"வலி எடுத்தா எனக்கு ஆள் அனுப்பு. புஸ்தகம் எடுத்துகினு வர மாட்டேன். ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றேன்.

அவள் சல்லடையை இன்னும் வேகமாக ஆட்டினாள்.

ஆள் வரவில்லை. அன்றும் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவோடுதான் போனேன். மண்டியின் பலகைக் கதவுகள் பாதி சாத்தியிருந்தன. பீபிம்மா திரையை விட்டு வெளியே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். கையில் ஜபமணி. என் முகத்தைப் பார்க்காமல், "உள்ள போ. எனுக்கு ஒண்ணும் தெரியாது. நா எதையும் பாக்கல" என்றார். சொல்லிவிட்டு ஜபமணியை வேகமாக உருட்ட ஆரம்பித்தார்.

உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். காலையில் கூட்டிக் குவித்த தவிட்டுக் குப்பையின் மேல் குழந்தை கிடந்தது. பெண் குழந்தை. கொடி இன்னும் அறுக்கவில்லை. அவள் இரண்டு கையிலும் நாலாக மடித்த ஒரு சாக்கு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவள்போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கத்தல நர்சம்மா" என்றாள். தூக்கத்தில் பேசுகிற குரல். "கத்தினா மூஞ்சில வெச்சி அமுக்கிடலாம்னு காலைலருந்து உக்காந்துகினு கீறேன். கத்த மாட்டுது. என்னியே பாத்துகினு கீது."

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பிறந்த குழந்தைக்குப் பார்வை தெளிந்திருக்காது என்று படித்தவள் நான். ஆனால் அந்தக் குழந்தை இமையெல்லாம் தவிடாக, கண்ணைக் கொட்டிக் கொட்டி அவளைப் பார்த்தது. அதைச் சுற்றி வெயிலில் தூள் பறந்துகொண்டிருந்தது. பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தச் சாக்கின் மேல் கையை வைத்தேன். பிடுங்கவில்லை, சும்மா வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

கொடியை அறுத்துக் கட்டினேன். உள்ளங்காலில் இரண்டு தடவை சுண்டினேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அது கத்தியது. தெரு முழுவதும் கேட்டிருக்கும்.

வாசலில் காலடிச் சத்தம். வண்டிக்காரர்கள், பக்கத்து மண்டிப் பெண்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். "இன்னா சத்தம் அது? கொயந்த சத்தமா?" என்று ஒருத்தி கேட்டாள். உள்ளே இவள் என் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஒரு வார்த்தை தப்பாக விழுந்தால் அவளால் அந்தத் தெருவில் நிற்க முடியாது. நிற்க இடமில்லாமல் போனால் அந்தச் சாக்கு நாளைக்கு மறுபடி அவள் கைக்கு வரும். நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு வழியும் சொல்லித் தரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அது வேண்டிய நேரத்தில் வந்தது. பக்கத்திலிருந்த முறத்தில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கத்தினேன்.

"எவளோ ஒருத்தி பெத்துக் குப்பைல போட்டுட்டுப் போய்க்கிறா! நான் எடுத்தேன். இது இனிமே என் சரக்கு. தவிட்டுக்கு விக்கறேன். யாருக்கு வேணும்?"

பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அடுத்ததைக் குப்பைமேட்டில் போடுவார்கள், வேறு ஒருத்தி எடுப்பாள், பெற்றவளே தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்கிக்கொள்வாள். வேண்டாத பொருள் என்று யமன் விட்டுவிடுவானாம். குப்பை என்றும் பிச்சை என்றும் பேர் வைப்பதும் அதற்குத்தான். மூடநம்பிக்கை என்று எத்தனையோ வீட்டில் நான் திட்டியிருக்கிறேன். அன்று அதுதான் என் வாயில் வந்தது.

பீபிம்மா எழுந்தார். உள்ளே போய்ப் படி நிறையத் தவிடு அள்ளித் தலைதட்டிக் கொண்டுவந்தார்.

"ஏவாரம்னா ஏவாரமா நடக்கணும்" என்றார், கூட்டத்தைப் பார்த்து. "என் குடோன்ல கெடச்ச சரக்கு, என்கிட்ட வேல செய்றவளுக்குத்தான் மொதல்ல. அவளுக்கு ரெண்டு பொறந்து ரெண்டும் தங்கல. இதுனாச்சும் தங்கட்டும். புடி நர்சம்மா."

என் முந்தானையில் தவிட்டைக் கொட்டினார். முறத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தவளின் மடியில் வைத்தார். தரையில் ரத்தம் கிடந்தது. அவள் புடவையில் ரத்தம் இருந்தது. எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்ப அந்தக் கட்டி?" என்று ஒரு வண்டிக்காரர் பெண்சாதி கேட்டாள்.

"ஒடஞ்சி போச்சி" என்றார் பீபிம்மா.

"நல்லதாப் போச்சி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வெந்நீர் வைக்கப் போனாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு தெருவே சேர்ந்து உட்கார்ந்து மறைத்தது. தவிட்டுக்கு வாங்கியவளுக்குப் பால் எப்படிச் சுரந்தது என்று வெளியாட்கள் கேட்டால், ஆத்தா அருள் என்றார்கள். படித்தவள், வெள்ளைப் புடவைக்காரி, நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். என் பதிவேட்டில் அந்தப் பிறப்பு இல்லை. அது தப்புதான். அந்தத் தப்புக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு பேனாவை இழுப்பறைக்குள் போட்டேன். வருகிறவளிடம் முதலில் "சாப்டியா?" என்று கேட்டேன். புருஷன் பேர் கடைசியில், வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். மேலே இருந்தவர்கள் கண்டித்தார்கள். நான் திருப்பிக் கண்டித்தேன். கொஞ்ச நாளில் வியாசர்பாடியிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வயிற்றில் கட்டி என்று சிலர் வர ஆரம்பித்தார்கள். "கட்டிதான், அப்பப்ப வந்து காட்டிட்டுப் போ" என்பேன். பெற்ற பிறகு ஒருத்தியின் பிள்ளை இன்னொருத்தி வீட்டில் வளர்ந்தது. சிலர் தாங்களே வைத்துக்கொள்ள ஏதோ ஒரு கதையைக் கட்டினோம். எல்லாம் நடந்துவிடவில்லை. இரண்டு பேர் பாதியில் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைத் தேடிப் போனபோது வயிறு இறங்கியிருந்தது, பிள்ளை இல்லை. ஒருத்தி என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க முயன்று தோற்றுவிட்டேன். ஆனால் கால்வாயில் அமுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரையும் சொன்னதில்லை. தவிட்டு மண்டியில் சாக்கை வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தாளே, குழந்தை கத்திவிடுமோ என்று பயந்து மட்டும் அவள் காத்திருக்கவில்லை. யாராவது வந்துவிட மாட்டார்களா என்றும்தான் காத்திருந்தாள். இது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

தவிட்டுக்கு விற்ற அந்தப் பெண்ணுக்கு ஏழு எட்டு வயதானபோது ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மண்டிக்குப் பின்னால் ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து அம்மா பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தெருப்பிள்ளைகள் தவிட்டுப் புள்ள என்று கேலி செய்கிற வயது. பெண் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது.

"நர்சம்மா, நீதான என்ன குப்பைலருந்து எடுத்த? அவ மூஞ்ச நீ பாத்தியா?" என்று கேட்டது.

"பாக்கல" என்றேன். பொய் சொல்ல நன்றாகப் பழகியிருந்தேன்.

"எனுக்கு அவளப் புடிக்கவே புடிக்காது" என்றது. சீப்பு ஒரு நிமிஷம் நின்று, மறுபடி போனது. பெண் தலையைத் திருப்பாமலே அம்மாவிடம் கேட்டது.

"எம்மா, அவ ஒரு நாளு வந்து, எம் புள்ளையத் திருப்பிக் குடுன்னு கேட்டா நீ இன்னா பண்ணுவ?"

"குடுக்க மாட்டேன்."

"அயுதுகினே கேட்டா?"

"அயுதா அயுவட்டும்" என்றாள் அம்மா. முடியை மூன்றாகப் பிரித்து இறுக்கினாள். "அவளுக்கு உம்மேல இன்னா பாத்தியத கீது?"

பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. ரிப்பனைக் கட்டி முடித்ததும் எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.